கசகசா ஊறவே இல்லை

விடிகாலை நாலரை மணிக்கு எவர்சில்வர் சட்டியில் கசகசாவைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். கால் கிலோ. விலையைக் கேட்டபோதே தலை சுற்றியது. இருந்தாலும் மகளின் வளைகாப்பு, வருஷத்துக்கா வரப்போகிறது என்று வாங்கியிருந்தேன். "பத்து நிமிஷத்துல வீங்கி, கண்ணு கண்ணா நிக்கும் மோளே" என்று மதினி போனில் சொல்லியிருந்தார். ஆறு மணிக்கு மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளை மணலாகக் கிடக்கிறது. வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். ஏழு மணிக்கும் அதே மணல். அறுபது பேர் வரப்போகிறார்கள், ஊறின கசகசாவும் எலுமிச்சையும் போட்டுக் குலுக்குகிற "குலுக்கி சர்பத்" கொடுக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

எங்களுக்குச் செங்கோட்டை. பஸ் ஏறினால் புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், அதைத் தாண்டினால் கேரளத்து ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. அதனால் பாதிச் சொந்தம் தென்மலை, புனலூர் என்று மலைக்கு அந்தப் பக்கம். அண்ணன் கல்யாணம் செய்ததும் தென்மலையில்தான். மதினி முப்பது வருஷமாகத் தமிழ் பேசுகிறார். ஆனால் சமையலறைக்குள் நுழைந்துவிட்டால் பாதி மலையாளம் வந்துவிடும். வினை அங்கேதான் இருந்தது.

எட்டு மணிக்கு மதினி வந்து இறங்கினார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பச் சட்டியைப் பார்த்தார். "இது குருமாவுக்குப் போடுறதில்லையா!"

அவர்கள் பக்கத்தில் சர்பத் கடைக்காரர் கஸ்கஸ் என்று சொல்வது திருநீற்றுப்பச்சிலையின் விதையை. கறுப்பாக, எள்ளைவிடப் பொடியாக இருக்கும். தண்ணீர் பட்டதும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு வழுவழுப்பு சூழ்ந்து, நடுவில் கறுப்புப் புள்ளி நிற்கும். தவளை முட்டை மாதிரி என்று என் மகன் சொல்வான். சாப்பிடும்போது அப்படிச் சொல்லக்கூடாதுதான். நம் கடையில் கசகசா என்று கேட்டால் கொடுப்பது வெள்ளைக் கசகசா, அதாவது பாப்பிச் செடியின் விதை. எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது வீங்காது. பெயர் ஒன்றுபோலக் காதில் விழுகிறதே தவிர இரண்டும் வேறு வேறு செடி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால். வெள்ளைக் கசகசா அபின் எடுக்கிற செடியின் விதை என்பதால் துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு அமீரகத்துக்குள்ளும் சவுதிக்குள்ளும் அதைக் கொண்டுபோகச் சட்டப்படி தடை. மாப்பிள்ளை சர்பத் போட்டுக் குடிக்கட்டும் என்று பெட்டியில் ஒரு பொட்டலம் வைத்து அனுப்பிவிடாதீர்கள். கடையில் "சப்ஜா" என்று கேட்டு வாங்குங்கள். பலூடாவில் போடுகிற விதை என்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அன்றைக்குத் தம்பி மகனை வண்டியில் விரட்டினோம். அதே கடை, நான் கசகசா வாங்கிய அலமாரிக்கு அடுத்த தட்டில் சப்ஜா இருந்ததாம். நூறு கிராம் வாங்கி வந்தான். அறுபது டம்ளருக்கு அது தாராளம்.

ஊறவைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. விதையைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தண்ணீர், அதைக் கரண்டியால் கிளறிக்கொண்டே விதையைத் தூவ வேண்டும். ஒரு ஸ்பூன் விதைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கால் மணி நேரம். நன்றாக ஊறாத விதையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது, தொண்டையில் போய் ஒட்டி வீங்கும்.

இதையெல்லாம் ஏன் வீட்டில் செய்யக் கிளம்பினேன் என்றால், அதற்கு முந்தின கோடையில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் மஞ்சள்காமாலை. எங்கே குடித்தது, எந்தத் தண்ணீர் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மீனுக்குப் போடுகிற கட்டி ஐஸையே சர்பத்துக்கும் உடைத்துப் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு, வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்கள் குடிக்கிற தண்ணீர் நான் கொதிக்கவைத்ததாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஐஸுக்கும் அதேதான். நான்கு நாள் முன்பிருந்தே ஆறவைத்த வெந்நீரை ஐஸ் தட்டில் ஊற்றி, உறைந்ததும் கவரில் போட்டுச் சேர்த்தேன். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜையும் கடன் வாங்கினேன்.

சரி, குலுக்கிக்கு வருகிறேன். பெயரே செய்முறைதான். உயரமான எவர்சில்வர் டம்ளர் ஒன்று, அதன் வாயை மூடுகிற அளவில் இன்னொன்று. ஒரு எலுமிச்சம்பழத்தில் பாதியைப் பிழிந்துவிட்டு, மீதியில் இரண்டு மெல்லிய வட்டம் அறுத்து அப்படியே போட வேண்டும். எங்களுக்குப் பழம் புளியங்குடியிலிருந்து வந்துவிடும். தோல் மெல்லிசாக, அழுத்தினால் கொடுக்கிற பழமாகப் பார்த்து எடுங்கள். பச்சைமிளகாய் ஒன்று, நெடுக்கே கீறியது. இஞ்சிச் சாறு அரை ஸ்பூன். உப்பு இரண்டு விரல் சிட்டிகை. சீனிப்பாகு மூன்று மேசைக்கரண்டி. ஊறின சப்ஜா ஒரு கரண்டி. நான்கு ஐஸ் கட்டி. முக்கால் டம்ளர் தண்ணீர். மேல் டம்ளரைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்க வேண்டும்.

இங்கே காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் கடகட என்று ஐஸ் மோதும். பத்துப் பன்னிரண்டு குலுக்கில் சத்தம் மெலிந்து சலசல என்று ஆகும். அப்போது டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து, விரலில் பிடிக்க முடியாத குளிர்ச்சி வந்துவிடும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் குலுக்கினால் ஐஸ் கரைந்து சர்பத் தண்ணீராகிவிடும். திறக்கும்போது மேல் டம்ளர் சட்டென்று வராது. உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கி, டம்ளரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நேராக இழுக்காமல் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும்.

மிளகாயைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். காரம் நாக்கில் ஏறாது, விழுங்கினபின் தொண்டையில் லேசாக ஒரு சூடு வரும், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் சாதா எலுமிச்சை சர்பத். குழந்தைகளுக்கு மிளகாயை விட்டுவிடலாம்.

சீனியை நேரடியாகப் போட்டால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். குளிர்ந்த தண்ணீரில் சீனி லேசில் கரையாது, பாதி அடியில் தங்கும், கடைசி வாய்தான் இனிக்கும். அதனால் பாகு. இரண்டு கிலோ சீனிக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், கரைந்து ஒரு கொதி வந்தால் போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பாகு வரும். ஐம்பதிலிருந்து அறுபது டம்ளருக்கு ஓடும். இனிப்பு சரியா என்று பாகு கலந்த சூட்டோடு ருசி பார்க்காதீர்கள். நாக்கு குளிர்ந்துவிட்டால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். குளிரவைத்த டம்ளரில் பார்த்துத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

இதில் நான் முதலில் பட்ட அடி வளைகாப்புக்கு ஒரு மாதம் முன்னால். தெருவில் அம்மன் கோயில் கொடை. தண்ணீர்ப்பந்தலுக்கு எலுமிச்சை சர்பத் என் பொறுப்பு. காலை எட்டு மணிக்கே ஒரு அண்டாவில் மொத்தமாகக் கலந்து, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முப்பது பழத்தை வட்டம் வட்டமாக அறுத்து மிதக்க விட்டேன். எட்டரைக்கு அமிர்தம். பதினோரு மணிக்குக் கசப்பு. தோலிலும் அதற்குள் இருக்கிற வெள்ளைச் சதையிலும் உள்ள கசப்பு மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. சீனியைக் கொட்டினேன், கசப்போடு திகட்டலும் சேர்ந்தது. ஒரு கிழவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கசாயமா தாயீ, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிற்பாடு ஒருத்தி உப்பைக் கொஞ்சம் போடச் சொன்னாள். ஆச்சரியம், கசப்பு பாதி அடங்கியது. அண்டா அலுமினியம் வேறு. புளிப்பான எதையும் அலுமினியத்திலும் செம்பிலும் பித்தளையிலும் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லித்தான் வளர்த்தாள். அவசரத்தில் யார் நினைக்கிறார்கள். இப்போது எவர்சில்வர் வாளி அல்லது மண்பானை மட்டும்தான்.

ஆக, வளைகாப்புக்கு எதையும் கலந்து வைக்கவில்லை. பாகு ஒரு பாத்திரம். பிழிந்த சாறு ஒரு பாட்டில், அதுவும் விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பிழிந்தது. பழத்தைச் சக்கை வரும்வரை நசுக்காமல் லேசாகப் பிழிந்தது. இஞ்சிச் சாறு, மிளகாய், சப்ஜா, உப்பு எல்லாம் தனித்தனி. ஐஸ் தெர்மாகோல் பெட்டியில். மேசையில் வரிசையாக வைத்து, ஆள் வந்து நின்ற பிறகுதான் டம்ளரில் சேர்ப்பது. கடைக்காரர்கள் அப்படித்தானே செய்கிறார்கள், நாம்தான் அண்டா அண்டாவாகக் கலக்கிப் பழகிவிட்டோம். குலுக்குவதற்குத் தம்பி மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும். பையன்களுக்கு இது விளையாட்டு, வாங்கிக் குடிக்கிறவர்களுக்கு வேடிக்கை. பந்தி தொடங்கியபிறகும் அந்த மேசையை விட்டுக் கூட்டம் நகரவில்லை.

அந்த வேடிக்கையில்தான் சோடா விபத்து. நன்னாரி சோடாவுக்கென்று ஒரு கிரேட் கோலி சோடா இறக்கியிருந்தோம். ஒரு பையன் தண்ணீருக்குப் பதில் சோடாவை ஊற்றி, மூடி, குலுக்கிவிட்டான். பட்டென்று மேல் டம்ளர் எகிறி, எலுமிச்சை வட்டத்தோடு மொத்தமும் சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவையில். நல்ல மனுஷி. "எங்க மருமகளுக்குத்தான் நலுங்கு வைக்கிறீங்கன்னு நினைச்சேன்" என்று சிரித்தார். எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. சோடா சேர்கிற எதையும் குலுக்கவே கூடாது. பாகு, சாறு, ஐஸ் எல்லாம் முதலில் போட்டுக் கலக்கிவிட்டு, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாகச் சோடாவை இறக்க வேண்டும். உப்பு போடுவதென்றாலும் சோடாவின் தலையில் போடாதீர்கள், பொங்கி வழிந்து சோடாவின் விறுவிறுப்பு போய்விடும். எலுமிச்சைச் சாற்றிலேயே உப்பைக் கரைத்துவிட்டுப் பிறகு சோடா.

மகளுக்கு இதெல்லாம் ஒன்றும் கிடையாது. இனிப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கும், சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கும் மதினி செய்தது சம்பாரம். நாம் நீர்மோர் என்று சொல்வதுதான், ஆனால் கை வேறு. சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை நான்கையும் மதினி மிக்ஸியில் போட விடமாட்டார். அம்மியில் வைத்து ஒரே ஒரு தட்டு, நசுங்கினால் போதும், அரைபடக்கூடாது. அப்புறம் நாரத்தை இலை இரண்டைக் கையால் கசக்கிக் கிழித்துப் போடுவார். அந்த இலையின் மணம்தான் சம்பாரம். இலை கிடைக்காத ஊரில் எலுமிச்சை இலை. தயிர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, வெண்ணெய் எடுத்த மோராக இருந்தால் இன்னும் நல்லது. பானையில் அரை மணி நேரம் நிற்கவிட்டு வடிகட்ட வேண்டும். அதற்கு மேல் நின்றால் வெங்காய வாடை தூக்கிவிடும். தாளிப்பு கிடையாது. நான் பழக்கதோஷத்தில் கடுகு தாளிக்கப் போனேன், கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

எங்கள் பக்க விசேஷங்களில் ஒரு வழக்கம் உண்டு. பந்தி முடிந்ததும் ஆண்கள் நாலைந்து பேர், "ஆரியங்காவு கோயில் வரைக்கும் போய்ட்டு வந்துர்றோம்" என்று காரில் ஏறுவார்கள். இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை, அந்தப் பக்கம் கடை உண்டு. எந்தச் சாமியைக் கும்பிடப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கும் கிளம்பினார்கள். ஆனால் கிளம்புமுன் சம்பாரத்தில் ஆளுக்கு இரண்டு டம்ளர் இறக்கியதில் நிழலாகப் பார்த்துத் தூங்கிவிட்டார்கள். சம்பாரத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டு என்று நான் சொல்லவில்லை, வெயிலும் சாம்பார்சாதமும் சேர்ந்திருக்கலாம்.

பிள்ளைகளுக்கென்று கடைசியில் ஒன்று வைத்திருந்தேன். கேரளத்து ஹோட்டலில் இளஞ்சிவப்பாக வெந்நீர் கொடுப்பார்களே, அது பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்கவைத்தது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இரண்டு லிட்டருக்கு இரண்டு சின்னச் சீவல் போதும், அதிகமானால் துவர்க்கும். அதை ஆறவைத்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறும். ரோஜா நிறமாக இருந்தது, சாறு விழுந்த இடத்தில் புகை மாதிரி மஞ்சள் பரவி, கலக்கினால் முழுக்க மஞ்சளாகிவிடும். புளிப்பில் மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு, அந்தச் சாயத்தின் குணம் அது. இன்னொரு டம்ளரில் சோடா உப்பு ஒரு துளி போட்டுக் காட்டினேன், ரத்தச் சிவப்பு. அதைக் குடிக்கக் கொடுக்கவில்லை. மஞ்சளானதில் பாகும் ஐஸும் சேர்த்தால் குடிக்க நன்றாகவே இருக்கிறது. சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு எடுத்த நீலத் தண்ணீருக்கும் இதே வித்தை உண்டு, எலுமிச்சை பட்டால் ஊதாவாகும். ஆனால் சங்குப்பூவுக்கு ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நிறத்துக்காக மட்டும் செய்யலாம். இரண்டில் என் ஓட்டு பதிமுகத்துக்கு.

நன்னாரியை மட்டும் அன்றைக்குக் கடையில் வாங்கிய பாட்டிலை வைத்து ஒப்பேற்றினேன். நிறம் இருந்தது, இனிப்பு இருந்தது, வேர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதனால் இந்தக் கோடைக்கு நானே காய்ச்சினேன். நூறு கிராம் வேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ சீனி. வேரைக் கழுவி, லேசாகத் தட்டினால் பழுப்புத் தோல் தனியாக, உள்ளே வெள்ளையான நரம்பு தனியாக வரும். மணமெல்லாம் தோலில்தான், நரம்பை எடுத்து வீசிவிடலாம். தோலைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் மணம் ஆவியாகித் தெருவுக்குத்தான் போகும். முதல் தடவை எங்கள் தெருவே மணத்தது, பாட்டிலில் ஒன்றும் இல்லை. கொதிக்கிற தண்ணீரைத் தோலின்மேல் ஊற்றி, இறுக்கி மூடி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வடிகட்டி, அதில் சீனியைப் போட்டுப் பிசுக்குப் பதம் வரும்வரை மட்டும் காய்ச்ச வேண்டும். இறக்கும்போது ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. அது இல்லாவிட்டால் பத்து நாளில் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டிவிடும்.

சிரமம் அந்த நரம்பை உருவுவதுதான். ஒரு கைப்பிடி வேருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், விரல் நுனியெல்லாம் பழுப்பாகும். பேத்திக்குப் பெயர் வைக்கிற விசேஷம் அடுத்த வாரம். இந்தத் தடவை எழுபது பேர் என்று மாப்பிள்ளை வீட்டில் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தியம்மா, பருத்திப் புடவைதான் கட்டி வருவேன் என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டார். அரைக் கிலோ வேரையும் சின்ன உலக்கையையும் கொடுத்து வீட்டுக்காரரைத் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறேன். இதுவரை கால் கிலோ ஆகியிருக்கிறது. நடுவில் இரண்டு தரம் காபி கேட்டாயிற்று.